கறுப்புப் பணமும் சர்க்கார் கண்காணிப்பும்

குடும்பமாயினும் ராஜாங்கமாயினும் ஒரே கணக்குத்தான் இருக்க வேண்டும். ஊருக்குக் காட்டுவதற்கு ஒன்று, பெட்டிக்குள் வைத்துக்கொள்வதற்கு மற்றொன்று என்று இரண்டு கணக்குகள் எங்கே எழுதப்படுகின்றனவோ, அங்கே நாணயமும் நீதியும் நெடுநாள் நிலைப்பதில்லை. நமது தேசம் சுதந்திரமடைந்த நாள் முதல் இந்த இரட்டைக் கணக்கு வியாதியால் பீடிக்கப்பட்டிருக்கிறது. வரி கொடாமல் மறைக்கப்படும் வருமானம், பதிவு செய்யப்படாத வியாபாரம், லஞ்சமாகக் கைமாறும் ரொக்கம், பிறர் பெயரில் வாங்கப்படும் நிலம் ஆகிய யாவும் சேர்ந்து, சர்க்கார் ஏடுகளில் தோன்றாத ஒரு நிழல் பொருளாதாரமாக வளர்ந்திருக்கின்றன. இதை ஒழிப்பதாக வாக்களிக்காத கட்சி இல்லை. சபதம் செய்யாத நிதி மந்திரி இல்லை. ஆயினும் வியாதி நீங்கியபாடில்லை. காரணம் என்ன என்பதை நிதானமாக ஆராய்வது நம் கடமை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தெருவோரத்தில் காய்கறி விற்பவளும், மூட்டை தூக்கிப் பிழைப்பவனும், கணக்குப் புஸ்தகம் வைத்துக்கொள்ளாத சிறு தச்சனும் நமது விசாரணைக்கு உரியவர்கள் அல்லர். இந்தியத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் அமைப்புச் சாராத வேலைகளில்தான் ஜீவிக்கின்றனர். அவர்களுடைய வருமானம் வரி விதிக்கத்தக்க அளவை எட்டுவதே இல்லை. கணக்கு எழுதத் தெரியாதவன் வேறு, கணக்கை அழிக்கத் தெரிந்தவன் வேறு. முன்னவனுக்குச் சர்க்காரின் ஆதரவு வேண்டும். பின்னவன்மீதுதான் சர்க்காரின் கண் விழ வேண்டும். இந்த வித்தியாசத்தை மறந்து செய்யப்படும் எந்த நடவடிக்கையும் ஏழையின் தலையில் விடிந்து, தனவந்தனைத் தப்பவிடும்.

இனிச் சரித்திரத்தைப் பார்ப்போம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது தானியம், துணி, இரும்பு முதலிய சாமான்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. கட்டுப்பாடு வந்த இடத்தில் கறுப்பு மார்க்கெட்டும் வந்தது. யுத்த லாபம் ரொக்கமாகப் பதுக்கப்பட்டிருக்கிறது என்று கருதி, 1946 ஜனவரியில் அன்னிய சர்க்கார் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அவசரச் சட்டம் பிறப்பித்தது. நடந்தது யாது? சுமார் 144 கோடி ரூபாய் பெறுமானமுள்ள அந்த நோட்டுகளில் ஏறக்குறைய 135 கோடி மாற்றப்பட்டுவிட்டன. திரும்பி வராதவை 9 கோடி மாத்திரமே. பதுக்கியவன் தன் பணத்துக்கு ஏதோ ஒரு கதை சொல்லிப் புதுப் பணமாக்கிக்கொண்டான். நோட்டு செத்தது, பணம் சாகவில்லை.

அடுத்தபடியாக 1947-ல் வருமான வரி விசாரணைக் கமிஷன் ஏற்பட்டது. பெடரல் கோர்ட்டில் நீதிபதியாயிருந்த ஸர் வரதாச்சாரியார் அதற்குத் தலைவரானார். யுத்தகாலத்தில் பெரும் லாபமடைந்து வரி ஏய்த்தவர்களைத் தனியே விசாரிப்பதே அதன் வேலை. நோக்கம் உத்தமமானது, ஆனால் நேர்ந்தவை இரண்டு. கமிஷனுக்கு அனுப்பப்பட்டிருந்த ஜாபிதாவிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட விவகாரத்தில், சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியும் கோயம்புத்தூர்க்காரருமான ஆர். கே. ஷண்முகம் செட்டியார் 1948-ல் பதவி துறக்க நேர்ந்தது. பின்னர் 1954-ல், ஒரே வகையான குற்றத்துக்குச் சிலரை மட்டும் கடுமையான தனி முறையில் விசாரிப்பது அரசியல் சாசனத்தின் சமத்துவ ஷரத்துக்கு விரோதமென்று, அச்சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்தது. மதுரை மீனாக்ஷி மில் வழக்கும் அத்தீர்ப்புகளில் ஒன்று. இவ்விரண்டு சம்பவங்களும் நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பிக்கின்றன. ஜாபிதா தயாரிக்கும் அதிகாரம் மந்திரியின் கையிலிருந்தால் சந்தேகம் எழாமலிராது. தனி மனிதர்களைப் பொறுக்கியெடுத்துத் துரத்தும் சட்டம் கோர்ட்டில் நில்லாது. எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்கும் ஏற்பாடுதான் நிலைக்கும்.

அதன் பிறகு சர்க்கார் வரி விகிதத்தை உயர்த்தியே வரி ஏய்ப்பை வெல்லலாம் என்று கருதியதுபோல் நடந்துகொண்டது. 1973-74-ம் வருஷத்தில் வருமான வரியின் உச்ச விகிதம், கூடுதல் வரியையும் சேர்த்து, நூற்றுக்கு 97.75 ஆக இருந்தது! நூறு ரூபாய் சம்பாதித்தவன் இரண்டேகால் ரூபாயைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால், அவன் தொண்ணூற்றேழே முக்கால் ரூபாயை மறைப்பதற்கு என்ன செலவுதான் செய்யமாட்டான்? இத்தகைய உயர்ந்த விகிதங்களே ஏய்ப்புக்கு முக்கிய காரணமென்று 1971-லேயே நீதிபதி வாஞ்சூ தலைமையிலான கமிட்டி சொல்லியிருந்தது. விகிதங்கள் பின்னர் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. ஆயினும் ஏய்ப்பு அதே வேகத்தில் குறையவில்லை. விகிதம் குறைந்தால் மறைப்பதிலுள்ள லாபம் குறையும்; ஆனால் பிடிபடுவோம் என்ற அச்சம் இல்லாதவரையில் முப்பது ரூபாய் வரியையும் மறைப்பவன் மறைத்துக்கொண்டேயிருப்பான்.

தண்டனை பயனளிக்காதபோது சர்க்கார் மன்னிப்பைக் கையாண்டது. 1951, 1965, 1975, 1997 என்று தாமாக ஒப்புக்கொள்ளும் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1981-ல், வாங்குபவரை யாரென்றும் பணம் எங்கிருந்து வந்ததென்றும் கேளாத விசேஷப் பத்திரங்களைச் சர்க்காரே வெளியிட்டது. 1997-ம் வருஷத் திட்டத்தில் 33,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வருமானமும் சொத்தும் ஒப்புக்கொள்ளப்பட்டன; பொக்கிஷத்துக்கு 9,700 கோடி அளவில் வரி வந்தது. இது பெருந்தொகைதான். ஆனால் ஆண்டுதோறும் ஒழுங்காக வரி செலுத்திவந்த குமாஸ்தாவும் உபாத்தியாயரும் அன்று என்ன நினைத்திருப்பார்கள்? யோக்கியமாயிருந்தது மடமை, காத்திருந்தவனே புத்திசாலி என்றுதானே? ஒவ்வொரு மன்னிப்பும் அடுத்த மன்னிப்பை எதிர்பார்த்து ஏய்ப்பவர்களை உற்பத்தி செய்கிறது.

நோட்டுகளைச் செல்லாதவையாக்கும் பரிகாரத்தை 1978 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் சர்க்கார் மறுபடி பரீக்ஷித்தது. 2016 நவம்பர் 8-ந் தேதி மூன்றாவது முறையாக, முன் இரண்டு தடவைகளிலும் கண்டிராத அளவில், 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டது. 1946-லும் 1978-லும் செல்லாமற்போனவை பாமரர் கண்ணால் கண்டிராத பெரிய நோட்டுகள். 2016-ல் செல்லாமற்போனவை கூலிக்காரன் முடிச்சிலும், குடித்தனப் பெண்ணின் அஞ்சறைப்பெட்டியிலும் இருந்தவை. ஜனங்கள் வெயிலிலும் பனியிலும் பாங்கி வாசலில் காத்து நின்றார்கள். முடிவில் ரிஸர்வ் பாங்கி வெளியிட்ட கணக்கு என்ன? செல்லாதவையாக்கப்பட்ட 15.41 லக்ஷம் கோடி ரூபாயில் 15.31 லக்ஷம் கோடி திரும்பி வந்துவிட்டது. நூற்றுக்கு ஒரு பங்குகூட அழியவில்லை. புழக்கத்திலிருந்த நோட்டுகளின் மொத்தப் பெறுமானம் 2016 நவம்பர் ஆரம்பத்தில் சுமார் 18 லக்ஷம் கோடியாயிருந்தது. 2023 மார்ச்சு முடிவில் 33 லக்ஷம் கோடிக்கு மேற்சென்றது. புதிதாக அச்சிட்ட 2,000 ரூபாய் நோட்டையே 2023 மே மாதத்தில் புழக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வதாக ரிஸர்வ் பாங்கி அறிவிக்க வேண்டியதாயிற்று.

மூன்று முறையும் ஒரே பலன் கிட்டியதென்றால், பரிகாரத்திலேயே பிழை இருக்கிறது என்பது தெளிவு. கறுப்புப் பணத்தை மூட்டைக்குள் கிடக்கும் காகிதம் என்று நினைத்ததே அந்தப் பிழை. புத்தியுள்ள எவனும் தன் மறைவுச் செல்வத்தைக் காகிதமாக வைத்திருப்பதில்லை. அது நிலமாகவும், பொன்னாகவும், கட்டிடமாகவும், வியாபாரச் சரக்காகவும், வெளிநாட்டுப் பாங்கிக் கணக்காகவும் உருமாறிவிடுகிறது. கறுப்புப் பணம் தேங்கிய குட்டையன்று, ஓடும் வாய்க்கால். குட்டையை இறைத்துவிட்டால் போதும் என்று நினைத்தவர்கள், மடை திறந்தேயிருப்பதைக் கவனிக்கவில்லை. அந்த மடையில் காவல் வைப்பதுதான் பொருளாதாரக் கண்காணிப்பு.

கண்காணிப்பு என்றதும் வீடு புகுந்து சோதனையிடும் அதிகாரிகளை நினைத்துப் பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் சிறந்த கண்காணிப்புக்குச் சத்தம் கிடையாது. மாதச் சம்பளக்காரன் ஏன் வரி ஏய்ப்பதில்லை? அவன் மற்றவர்களைவிடப் புண்ணியவான் என்பதாலா? அவனுடைய சம்பளத்தை முதலாளி சர்க்காருக்குத் தெரிவித்து, வரியையும் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுக்கிறார் என்பதால்தான். கொடுப்பவன் ஒரு கணக்கும், வாங்குபவன் ஒரு கணக்கும் எழுதி, இரண்டும் மூன்றாவது இடத்தில் ஒப்பிடப்படும்போது பொய் தானே வெளிப்படுகிறது. இந்தத் தத்துவத்தை வியாபாரம், நிலம், பாங்கி, கட்சி ஆகிய எல்லாத் துறைகளுக்கும் விஸ்தரிப்பதே காரியம்.

இத்திசையில் கடந்த இருபது வருஷங்களில் நடந்திருக்கும் வேலையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2004-ல் நிதிப் புலனாய்வுப் பிரிவு என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. கள்ளப்பணத்தை நல்ல பணமாக்குவதைத் தடுக்கும் சட்டம் 2005 ஜூலை முதல் அமலுக்கு வந்தது. பத்து லக்ஷம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நடவடிக்கைகளையும், சந்தேகத்துக்கிடமான வரவு செலவுகளையும் பாங்கிகள் இப்பிரிவுக்குத் தெரிவிக்கின்றன. முப்பது லக்ஷத்துக்கு மேற்பட்ட நில விற்பனைகளைப் பதிவு அதிகாரிகள் வருமான வரி இலாகாவுக்கு அறிவிக்கின்றனர். 2017 ஏப்ரல் முதல், ஒருவர் மற்றொருவரிடமிருந்து ஒரே காரியத்துக்கு இரண்டு லக்ஷம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறலாகாது என்ற விதி வந்தது. ஸ்விட்ஸர்லாந்தின் பாங்கி ரகசியம் பழங்கதையாகிவருகிறது. 2019 செப்டம்பர் முதல் அந்நாடு இந்தியர் கணக்குகளைப் பற்றிய விவரங்களை நமது சர்க்காருக்குத் தானாகவே அனுப்பிவருகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது 2017 ஜூலை முதல் அமலிலிருக்கும் சரக்கு சேவை வரி. இதில், பொருள் வாங்கிய வியாபாரி தான் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள வேண்டுமானால், விற்றவன் அந்த விற்பனையைக் கணக்கில் காட்டியிருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு வியாபாரியும் மற்றொரு வியாபாரிக்குக் கணக்குப்பிள்ளையாகிறான். 2018 ஏப்ரல் முதல், ஐம்பதினாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு ராஜ்யம் விட்டு ராஜ்யம் லாரியில் செல்வதற்கு மின்வழிச் சீட்டு கட்டாயமாயிற்று. பெரிய வியாபாரிகளின் பட்டியல்களைச் சர்க்கார் தளத்தில் பதிவு செய்யும் முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் வியாபாரமுள்ளவர்களுக்கு ஆரம்பமாகி, 2023 ஆகஸ்டில் ஐந்து கோடிக்காரர் வரையில் இறங்கிவந்தது.

இவ்வளவு இருந்தும் ஓட்டைகள் இல்லாமலில்லை. முதலாவது, போலிப் பட்டியல். சரக்கே இல்லாமல், பெயருக்கு ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, பட்டியல் மட்டும் எழுதிக் கொடுத்து, கொடாத வரியைக் கழித்துக்கொள்ளச் செய்யும் மோசடி ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. ஒன்றும் அறியாத ஏழையின் அடையாளச் சீட்டை வாங்கி அவன் பெயரில் கம்பெனியைப் பதிவு செய்துவிடுகிறார்கள். கோடிக்கணக்கில் வரி பாக்கியென்று நோட்டீஸ் வரும்போதுதான் அவனுக்கு விஷயம் தெரியவருகிறது. பதிவு கொடுக்கும்போதே ஆளையும் இடத்தையும் நேரில் பார்த்துவிட்டால் இம்மோசடியில் பெரும்பகுதி முளையிலேயே கருகிவிடும்.

இரண்டாவது ஓட்டை, நிலம். நம் ஊர்களில் மனை வாங்கியவர் எவரும் இதை அறிவர். பத்திரத்தில் எழுதுவது ஒரு விலை, கையில் கொடுப்பது வேறு விலை. இதற்கு ஜனங்களை மாத்திரம் குறை கூறிப் பயனில்லை. சர்க்கார் வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைவிட வெகுவாகக் குறைந்திருந்து, பதிவுச் செலவு மட்டும் அதிகமாயிருந்தால், வாங்குபவனையும் விற்பவனையும் சர்க்காரே பொய் எழுதத் தூண்டுகிறது. தமிழ்நாட்டில் 2017-ல் வழிகாட்டி மதிப்பு நூற்றுக்கு 33 குறைக்கப்பட்டது. பதிவுக் கட்டணமோ நூற்றுக்கு ஒன்றிலிருந்து நான்காக உயர்ந்தது. முத்திரைத் தீர்வை ஏழுடன் சேர்த்து மொத்தம் பதினொன்று! 2023-ல் மதிப்பு மீண்டும் உயர்த்தப்பட்டு, கட்டணம் இரண்டாகக் குறைக்கப்பட்டது. திசை சரியானதே. மதிப்பு சந்தையை ஒட்டியும் தீர்வை இன்னும் தாழ்ந்தும் இருந்தால், உண்மை விலையை எழுதுவதில் யாருக்கும் நஷ்டமிராது.

மூன்றாவது ஓட்டை, அரசியல். அரசியல் ஊழியர்களாகிய நமது வாசகர்கள் இதைக் கசப்போடாவது கேட்க வேண்டும். கறுப்புப் பணத்தின் மிகப் பெரிய அடைக்கலம் தேர்தல். பணப் பட்டுவாடா காரணமாக 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தொகுதிகளின் தேர்தல்கள் ரத்தாயின. 2017-ல் ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019-ல் வேலூர்ப் பார்லிமெண்டுத் தேர்தலும் அவ்வாறே ரத்தாயின. தமிழ்நாட்டுக்கு இது பெருமையா? அபேட்சகரின் செலவுக்கு உச்ச வரம்பு உண்டு. அவருடைய கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை. இருபதினாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட நன்கொடை கொடுத்தவரின் பெயரைத் தேர்தல் கமிஷனுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. பெரிய தொகையைச் சிறு தொகைகளாக்கி எழுதுவது கடினமான காரியமா? நன்கொடையாளர் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தைச் சுப்ரீம் கோர்ட்டு 2024 பிப்ரவரி 15-ந் தேதி ரத்துச் செய்தது. ஆறு தேசியக் கட்சிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று மத்தியத் தகவல் கமிஷன் 2013-ல் தீர்ப்பளித்தது. அக்கட்சிகள் அதற்கு இணங்கவில்லை. மளிகைக்கடைக்காரனிடம் ரசீது கேட்கும் சர்க்காரை நடத்துபவர்கள், தாங்கள் வாங்கிய பணத்துக்கு ரசீது காட்ட மறுப்பது எந்த நியாயத்தில் சேரும்?

கண்காணிப்பை எதிர்ப்பவர்கள் கூறும் ஆக்ஷேபங்களையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. அதிகாரிக்கு அதிகாரத்தை வளர்த்தால் லஞ்சம் வளரும் என்கிறார்கள். இதில் உண்மையுண்டு. நேரில் அழைத்து மிரட்டும் அதிகாரம் வளர்ந்தால் லஞ்சமும் வளரத்தான் செய்யும். ஆகையால்தான் தானே ஒப்பிட்டுத் தானே காட்டிக்கொடுக்கும் கணக்கு முறை சிறந்தது என்கிறோம். அம்முறையில் அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைவு. குடிமகனின் சொந்த விவகாரங்களில் சர்க்கார் தலையிடலாகாது என்கிறார்கள். அதுவும் சரியே. அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. எனவே திரட்டப்படும் விவரங்கள் வரிக்காக மட்டுமே உபயோகப்பட வேண்டும். எதிர்க்கட்சிக்காரனை மடக்குவதற்கு அவற்றை எடுத்தாண்டால், கண்காணிப்பு கொடுங்கோன்மையாகிவிடும். கண்காணிப்பவனையும் கண்காணிக்கும் ஏற்பாடு வேண்டும். அந்த அதிகாரம் பார்லிமெண்டு கமிட்டிக்கும் கணக்குத் தணிக்கை அதிகாரிக்கும் தடையின்றி இருக்க வேண்டும்.

சர்க்காரின் ஒளிவுமறைவுக்கு ஒரு திருஷ்டாந்தம் கூறுகிறோம். கணக்கில் வராத செல்வத்தை மதிப்பிட 2011-ல் மூன்று ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் நியமிக்கப்பட்டன. அவற்றின் முடிவுகள் பல வருஷங்கள் பெட்டிக்குள் கிடந்து, 2019-ல் பார்லிமெண்டின் நிதிக் கமிட்டி அறிக்கை வழியாகத்தான் சுருக்கமாக ஜனங்களுக்குத் தெரியவந்தன. இந்தியர் வெளிநாட்டில் சேர்த்த செல்வம் 1980 முதல் 2010 வரையில் 38,400 கோடி முதல் 49,000 கோடி டாலர் என்றது ஒரு ஸ்தாபனம். 1990 முதல் 2008 வரையில் சுமார் 21,600 கோடி டாலர் என்றது மற்றொன்று. மறைந்திருப்பதை அளப்பது கடினம் என்பதற்கு இந்த வேற்றுமையே சாட்சி. ஆயினும் அளந்ததையாவது மறைக்காமல் வெளியிட்டிருக்க வேண்டாமா? பிறருடைய மறைவைக் கண்டிக்கும் சர்க்கார் தானே மறைக்கலாமா?

ஆகவே நாம் வற்புறுத்துவது இது. இனி எந்த மன்னிப்புத் திட்டமும் வேண்டாம். நோட்டு செல்லாதென்ற அதிர்ச்சி வைத்தியமும் வேண்டாம். நிலத்தின் பதிவு மதிப்பு சந்தை விலையை ஒட்டி வருஷந்தோறும் திருத்தப்படட்டும். வரி வழக்குகள் தீர்ப்பின்றிப் பல்லாண்டுகள் கிடக்காதபடி நீதிபதிகள் போதுமான அளவில் நியமிக்கப்படட்டும்; தாமதமாக வரும் தண்டனை யாரையும் அச்சுறுத்தாது. சிறு வியாபாரிக்குரிய கணக்கு முறை அவனே எழுதக்கூடிய அளவுக்கு எளிதாகட்டும். சகல கட்சிகளின் வரவு செலவுகளும், ஒரு ரூபாய் நன்கொடை உள்பட, சுதந்திரமான தணிக்கைக்கு உட்பட்டு வெளியிடப்படட்டும். இவற்றில் கடைசியானது நிறைவேறாவிட்டால், மற்றவை யாவும் முழுப் பலன் தருமென்று நாம் நம்பவில்லை.

சர்க்காரின் கடமை இவ்வளவென்றால் ஜனங்களின் கடமையும் உண்டு. பிரேஸில் தேசத்தின் ஸாவோ பாவ்லோ ராஜ்யத்தில் 2007 முதல், கடையில் ரசீது கேட்டு வாங்குபவருக்கு வரியில் ஒரு பங்கு திருப்பித் தரப்படுகிறது; பரிசுச் சீட்டும் உண்டு. வாங்குபவனே தணிக்கையாளன் ஆனதால் கடைகள் காட்டும் விற்பனை உயர்ந்தது. நமது ஊர்களிலோ, 'பில் வேண்டாமென்றால் விலை குறையும்' என்ற வார்த்தையைக் கேட்டதும் தலையசைத்துவிடுகிறோம். அந்தத் தலையசைப்பில் நாம் மிச்சப்படுத்துவது சில ரூபாய்கள். இழப்பதோ நமது ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கூரையும், ஆஸ்பத்திரியின் மருந்தும், வாய்க்காலின் மராமத்தும். மறைத்தவன் கொடாத வரியை மறைக்க வழியில்லாதவன்தான் கொடுக்கிறான். தீப்பெட்டி முதலிய பல சாமான்களிலும் ஏழை தன் பங்கை ஒவ்வொரு நாளும் செலுத்திக்கொண்டேயிருக்கிறான் என்று சொன்னாலும் மிகையாகாது.

அன்னிய ஆட்சியில் வரி கொடுக்க மறுத்தது தேசபக்தியாயிருந்தது. அந்த வரியை விதித்தவர்கள் நாம் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். செலவழித்ததும் நமக்காக அன்று. இன்று சட்டம் செய்பவர்களை அனுப்புவது நம்முடைய வாக்கு. அவர்கள் தவறினால் வெளியேற்றும் உரிமையும் நம்மிடமே இருக்கிறது. ஆதலால் இன்று வரி ஏய்ப்பவன் அன்னியனை ஏமாற்றவில்லை. அண்டை வீட்டுக்காரனை ஏமாற்றுகிறான். சர்க்கார் நேர்மையுடன் கணக்குக் கேட்கட்டும். ஜனங்களும் சர்க்காரிடமும் கட்சிகளிடமும் அஞ்சாமல் கணக்குக் கேட்கட்டும். இரு திசையிலும் அந்தக் கேள்வி எழும் நாளில்தான் தேசத்தின் இரண்டு கணக்குப் புஸ்தகங்களும் ஒன்றாகும்.